கோட்டுக்கு உள்ளே

முட்டியில் நாடா சுற்றவே இப்போது இருபது நிமிடம்.
முன்பெல்லாம் அந்த நேரத்தில்
முதல் செட்டே முடிந்துவிடும் என்பேன்.
முடிந்தது ஒரேயொரு முறை.
தோற்றது நான்.

ரெங்கம் கிளப். ஞாயிறு. இறுதி ஆட்டம்.
துரைமார் காலத்துச் சிமெண்டுத் தளம்.
வடக்கு மூலையில் தூங்குமூஞ்சி மரத்தின் வேர் முட்டி
உள்ளங்கை நீளத்துக்கு ஒரு வெடிப்பு.
அதில் பட்ட பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பது
எனக்கும் வெடிப்புக்கும்தான் தெரியும்.
முப்பத்தொன்பது வயதில்
இதற்குப் பெயர் அனுபவம்.

பார்க்க வந்தவர்கள் இருபத்து மூன்று பேர்.
இலவச மீ கோரேங்குக்கு வந்தவர்களையும் சேர்த்து.
காற்று திரும்பினால் செம்பனை ஆலையின் வாடை.

"எப்ப நிறுத்தப் போற, குணாளா?"
கேட்டது பத்திரிகைக்காரர் இல்லை,
கோப்பிக் கடை மூக்கையா.
அவருக்கு நான் தர வேண்டியது நூற்றுப் பத்து வெள்ளி.

ஆட்டத்தின் மேல் காதல் என்று
சொல்லிப் பார்த்திருக்கிறேன்.
விடியற்காலை முட்டி மடங்க மறுக்கும்போது
அந்தச் சொல் வாயில் வருவதில்லை.
பரிசு ஆயிரத்து ஐந்நூறு.
வேறு தொழில் தெரியாது.
இரண்டையும் கூட்டி வருவதற்கு
நீங்களே ஒரு பெயர் வையுங்கள்.

ஒரு வாரம், ஒரே வாரம்,
உலக வரிசையில் எண்ணூற்றுப் பன்னிரண்டு.
அந்தத் தாளை மாலினி
மின்சார பில்களோடு உறையில் போட்டு வைத்திருக்கிறாள்.
எனக்கு மேலே இருந்தவர்களில் ஒருவன்
சுராபாயாவில் என் அறையைப் பகிர்ந்தவன்.
இரவெல்லாம் குறட்டை.
காலையில் ஆறு-ஒன்று, ஆறு-சுழியம்.
தூக்கமில்லாமல் தோற்றேன் என்று
பதினான்கு வருடம் சொல்லி வந்தேன்.
தூங்கியிருந்தாலும் தோற்றிருப்பேன்.

எதிரே வெய் ஜியே. பத்தொன்பது.
குளுவாங்கிலிருந்து அப்பாவின் லாரியில் வந்தவன்.
அவன் அடித்த சத்தம்
பந்து தாண்டிப் போன பிறகுதான் காதில் விழுகிறது.
என் முதல் சர்வீஸ்
அவனுடைய இரண்டாவதைவிட மெது.
ஆனால் வெட்டுவேன், தாழ்த்துவேன், வலையோரம் இறக்குவேன்,
வெயில் அவன் கண்ணுக்கு நேரே வரும்வரை
மட்டை நரம்புகளை ஒவ்வொன்றாய்
நேர்ப்படுத்திக்கொண்டு நிற்பேன்.
அழகான ஆட்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.
கடன்காரன் வாசலில் நிற்க
கொல்லைப்புறமாய் நழுவுகிறவனின் ஆட்டம்.

மூன்றாம் செட். ஐந்துக்கு நான்கு, என் சர்வீஸ்,
முப்பது-நாற்பது.
கோட்டு நடுவர் கிடையாது இங்கே.
அவரவர் பக்கத்தை அவரவரே சொல்ல வேண்டும்.
குறுக்கே அடித்தான்.
நான் ஓடவில்லை, ஓடுவதுபோல் சாய்ந்தேன்.
விழுந்தது.
"அவுட்" என்றேன்,
சத்தமாக, உடனே,
உண்மை சொல்கிறவர்கள் அவ்வளவு உடனே சொல்வதில்லை.

பந்தை எடுத்தேன்.
முந்தின நாள்தான் காசிம் கோடுகளுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தான்.
பந்தின் கன்னத்தில்
விரல் அகலத்துக்கு ஈர வெள்ளை.

வெய் ஜியே வலையருகே நின்று பார்த்தான்.
என் முகத்தை. பந்தை அல்ல.
அதைக் கால்சட்டைப் பைக்குள் போட்டேன்.
அடுத்த இரண்டு புள்ளிகளும் நேர்மையாக வென்றவை.
அதை யாரிடம் போய்ச் சொல்ல?

கை குலுக்கும்போது "நல்லா ஆடினீங்க, அங்கிள்" என்றான்.
அங்கிள் என்றதுதான் வலித்தது,
மற்றது மறுநாள்தான் வலித்தது.

மூக்கையாவின் பாக்கி தீர்ந்தது.
மட்டைக்குப் புது நரம்பு.
மாலினி கால்சட்டையை மூன்று முறை துவைத்துவிட்டு
பையின் உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்:
"இதென்ன, ரப்பர் பால் மாதிரி, போகவே மாட்டேங்குது?"
பெயிண்ட் என்றேன்.
எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்
என்று இப்போது சொல்வது சுலபம்.

அடுத்த வருடமும் பெயர் கொடுப்பேன்.
காசிமிடம் ஒன்று மட்டும் கேட்டிருக்கிறேன்:
ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே அடித்துவிடு,
கோடு காயட்டும்.