ஐந்தாம் படி

பதினோரு ஆண்டாக வான்னஸ் எங்கள் மாடியறையில் இருக்கிறார்.
கேல் நகரத்தில் இதொன்றும் அதிசயமில்லை.
எதிர்வீட்டில் ஒருத்தி, ரொட்டிக்கடைக்கு மேலே ஒருவன்.
மருத்துவமனை அனுப்பிவைக்கும்,
நாங்கள் சட்டியில் இரண்டு உருளைக்கிழங்கு கூடப் போடுவோம்.

மாதத்தின் முதல் செவ்வாய் தாதி இல்சா வருவாள்.
கையில் கோப்பு, கோப்பில் கட்டங்கள்:
மனநிலை. தூக்கம். பசி. எண்ண ஓட்டம்.
குரல்கள் உண்டா, இல்லையா.
நான் சொல்வது எதுவும் எந்தக் கட்டத்திலும்
முழுதாக உட்காராது; பாதி வெளியே தொங்கும்.
நோயின் பெயரை ஒரே ஒருமுறை சொன்னாள்.
நீளமான பெயர். என் வாயில் தங்கவில்லை.

என் நீலக் குறிப்பேட்டில் வேறு பெயர்கள்.
கரண்டி நாள்:
இழுப்பறையைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து
பதினாறு கரண்டியையும் எண்ணிவிட்டு
பதினேழாவதைத் தேடுவார்.
கம்பளி நாள்: ஜூலை வெயிலிலும் கோட்டு கழலாது.
வானொலி நாள்: அணைத்துவைத்த பெட்டி அவரிடம் பேசும்.
அன்று தட்டை அவர் வாசலில் வைத்துவிட்டு
எங்கோ பார்த்தபடி
மழையைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும்,
பதில் வராவிட்டாலும்.

இல்சா சிரிக்கவில்லை.
ஒவ்வொன்றின் பக்கத்திலும் தன் சொல்லைப் பென்சிலால் எழுதினாள்.
கம்பளி நாளில் மட்டும் பென்சில் நின்றுவிட்டது.
"இதற்கு இடமில்லையே" என்றாள்.
"அவருக்குக் குளிருதோ என்னவோ" என்றேன்.

போன நவம்பரில் ஒரு மாலை.
நான் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தேன்.
வான்னஸ் இறங்கிவந்தார், கோட்டோடு.
"ஃபோன்ஸ் புறாக்களை எண்ணுவதில்லை" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"சாயங்காலம் சத்தமாக எண்ணுவார், முப்பத்திரண்டு வரை.
போன வாரம் இருபதோடு நிறுத்தினார்.
இந்த வாரம் கூண்டுக்கதவைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறார்.
ரொட்டியின் ஓரம்வரை வெண்ணெய் தடவுகிறார், தின்பதில்லை;
அதை நீங்கள் கோழிக்குப் போடுகிறீர்கள்.
இரவில் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்,
ஐந்தாம் படி, விளக்கில்லாமல்.
நான் விளக்குப் போடுவதில்லை.
ஆறாம் படியில் உட்கார்ந்துகொள்வேன்."

கத்தி கையிலேயே நின்றது.
நாற்பது ஆண்டாக ஒரே படுக்கை.
வயசு என்றிருந்தேன், முட்டிவலி என்றிருந்தேன்,
நவம்பர் வந்தால் யார்தான் பேசுகிறார்கள் என்றிருந்தேன்.
என்னிடமும் கட்டங்கள் இருந்திருக்கின்றன,
கணவனைப் போட்டு மூடிவைக்க
அளவெடுத்தாற்போல.

வான்னஸ் சட்டைப்பையிலிருந்து
கசங்கிய கடை ரசீது ஒன்றை எடுத்தார்.
பின்பக்கம் பத்தொன்பது நாள், பத்தொன்பது எண்.
மேலே ஒரே சொல்: தூரம்.

"காலையில் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன்.
அவர் திரும்பிப் பார்ப்பதற்குள்
எனக்கு எத்தனை மூச்சு ஆகிறது என்று எண்ணுவேன்.
முன்பெல்லாம் ஒன்று.
இன்றைக்கு ஒன்பது."

பெட்டியில் பேசுகிறவர்கள் சொன்னார்களா என்று
கேட்க வாயெடுத்து விழுங்கிக்கொண்டேன்.
அவர் தன் கண்ணால் பார்த்திருக்கிறார்.
பதினோரு ஆண்டு நான் அவரைப் படித்தேன்.
அவர் சும்மா இருந்தாரென்று நினைத்திருந்தேன்.

செவ்வாய் வந்தது. இல்சா கோப்பைத் திறந்தாள்.
"இன்றைக்கு அவருக்கில்லை" என்று
நாற்காலியை நகர்த்திப் போட்டேன்.
ஃபோன்ஸ் உட்கார்ந்தார், தொப்பி மடியில்,
விரல்கள் அதன் விளிம்பைச் சுற்றிச் சுற்றி.

"தூக்கம் எப்படி?"
"நல்ல தூக்கம்" என்றார்.
"பசி?"
"குறையில்லை."
பென்சில் இரண்டு கட்டத்தைக் கடந்துபோனது.

படிக்கட்டிலிருந்து, மெல்ல,
கோள் சொல்லும் தொனி கொஞ்சமும் இல்லாமல்,
ஒருவருக்கு அவருடைய முகவரியை நினைவூட்டுவதுபோல
ஒரு குரல்:

"ஃபோன்ஸ். ஐந்தாம் படி."

பென்சில் நின்றது.
தொப்பி நின்றது.
ஃபோன்ஸ் திரும்பிப் பார்த்தார்.
என்னையறியாமல் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான்கு.