இரண்டு விரல் அகலம்

மூன்று விரலை அடுக்கி
வாய்க்குள் விடச் சொன்னார் டொக்டர்.
சடையப்பனுக்கு இரண்டுதான் போயிற்றாம்.
இரண்டாவதும் நகத்தோடு நின்றதாம்.

நான்காம் குறுக்குத் தெருவில் பம்பாய் வெங்காயம் சுமக்கிற ஆள்.
'பார, பார' என்று அவர் கத்தினால்
லொறியும் ஒருக்கால் யோசிக்கும் என்று தாதி சொன்னாள்.
இப்போது அந்தச் சொல்
மூக்கால் வருகிறது.
லொறி விலகுவதில்லை.

எனக்கு வருவது ஆள் அல்ல.
ஒரு பஞ்சுக் குச்சி,
மூடிய குழாயில், நாற்பத்தேழு என்ற இலக்கத்தோடு.
புண்ணின் ஓரத்தில் ஒரு தடவல்,
கடைவாய்ப் பல்லுக்கும் முரசுக்கும் இடையில் இன்னொன்று.

காற்றுப் பட்டால் சாகிற சாதி இது.
ஆட்டு ரத்தம் கலந்த தட்டில் கோடிழுத்து
காற்றில்லாத ஜாடியில் அடைத்து
ஐந்து நாள் மறந்துவிட வேண்டும்.
எனக்கு மறக்க வராது. சாப்பாட்டுப் பார்சலை அவிழ்க்கும்போதுதான்
ஜாடி ஞாபகம் வரும்.

ஐந்தாம் நாள்.
வெளியே வோட் பிளேஸ் மழையில் நனைந்த வாகனங்கள்.
திறந்ததும் முதலில் வாடை.
பிறகு கறுத்த புள்ளிகள்,
ரத்தத்தில் யாரோ மிளகு தூவியது போல.
இன்னொரு தட்டில் எடுத்ததைச் சாயமேற்றிக்
கண்ணாடிக்குக் கீழே வைத்தால்
இரு முனையும் கூராக, ரோஸ் நிறத்தில்,
சாக்குத் தைக்கிற கோணூசிகள்
கண்ணுக்கெட்டாத அளவுக்குச் சிறுத்துக் கிடந்தன.

இந்த ஊசிக்கு ஒரு குணம்.
முந்தி வந்து பல்லில் குடியிருப்பவனையும் தெரியும்,
பிந்தி வருகிற பொல்லாதவனையும் தெரியும்.
இவன் கையை அவன் கையில் கொடுத்துவிட்டு
நடுவில் நின்றுகொள்ளும்.
புறக்கோட்டையில் இதற்குத் தரகு என்று பெயர்.

வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை:
இருபத்தாறு வருடம் என்று அட்டையில் இருந்தது.
ஏற்கெனவே கூண்டில் நாலு பேர்.
ஐந்தாவதாக நான் ஊசியை ஏற்றினேன்.
ரிப்போட்டின் அடியில்
'காரணமாக இருக்கலாம்' என்று தட்டினேன்.

டொக்டர் ஃபரீனா நீலப் பேனையால் வெட்டினார்.
மேலே எழுதினார்: தொடர்பு.
"புண் இருக்குது என்று கிருமி வந்து சேர்ந்ததோ,
கிருமி இருந்து புண்ணை வளர்த்ததோ.
இந்தத் தட்டு அதைச் சொல்லாது, சுகிர்தா.
தட்டு சொல்லாததை நீ சொல்லாதே."

சரி, தொடர்பு.

மேல்மாடியிலிருந்து வந்த மற்றத் தாளில்
கிருமியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
வெட்டி எடுத்த சதையைப் பார்த்து
அவர்கள் எழுதியது ஒரே சொல்.
அதை எந்தப் பேனையும் வெட்டவில்லை.

வெள்ளி இரண்டு தரம், திங்கள் மூன்று தரம்
தாதி அவருக்கு அழைத்தாள்.
முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில்
ஒரு பெண் குரல், மிகவும் மரியாதையாக:
நீங்கள் அழைத்த இலக்கத்துடன் தற்போது
தொடர்பு கொள்ள முடியாதுள்ளது.

செவ்வாய் வேலை முடிந்து
மருதானை வழியாக நடந்தே போனேன்.
குறுக்குத் தெருவில் செத்தல் மிளகாய்க் காரம்,
சுவரோரம் முழங்கால் உயரத்துக்குச் சிவப்புத் துப்பல்.
அவருடைய தள்ளுவண்டியில் வேறொரு பொடியன்.
"சடையண்ணையா? ரெண்டு கிழமையா வரல.
வாயில சூடுன்னாரு. காரம் திங்க ஏலாதாம்."
பேசுவதற்காக
இடக் கன்னத்தில் இருந்ததை வலக் கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டான்.
"நீங்க யாருங்க? அவருக்கு என்ன வேணும்?"

என்ன வேணும்.
முகம் தெரியாது. குரல் கேட்டதில்லை.
அவருடைய கடைவாயில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று மட்டும்
எனக்குத் தெரியும்.

"ஆஸ்பத்திரி" என்றேன்.
துண்டுத் தாளில் இலக்கம் எழுதிக் கொடுத்தேன்,
மகரகமைக்கு நூற்று முப்பத்தெட்டு பஸ் என்றும் எழுதினேன்.
வாங்கிக்கொண்டு சிரித்தான்.

நான் அவன் சிரிப்பைப் பார்க்கவில்லை.
எத்தனை விரல் போகும் என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.