ஒருத்திதான்

திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
மத்தியானச் சாப்பாட்டு நெரிசல்.
"லேடீஸா? மாடியில ஃபேமிலி ரூம் இருக்கு, போம்மா,"
என்கிறார் டோக்கன் கிழிப்பவர்,
எனக்குப் பின்னால் யாரோ வருவதுபோல் பார்த்து.

துர்க்குவில் முதல் மாதம்
கல்லூரி கேன்டீன் தட்டைத் தூக்கிக்கொண்டு
கழிவறைப் பக்கம் படிக்கட்டில் சாப்பிட்டேன்.
தனியாகத் தின்பது
ஏதோ திருட்டு மாதிரி இருந்தது.
நவம்பரில் ஒருநாள் படிக்கட்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள்.
வேறு வழியில்லை.
ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.
உருளைக்கிழங்கு சூடாக இருந்தது.
யாரும் திரும்பவில்லை.

இரண்டு வருஷப் படிப்பைப் பற்றி
அத்தை கேட்டால் வேறு சொல்வேன்.

"ஒருத்திதான்" என்கிறேன்.
கீழேயே, மின்விசிறிக்கு அடியில்,
மூன்று ஆண்கள் ரசத்துக்குக் காத்திருக்கும் டேபிளில்
நாற்காலியை இழுக்கிறேன்.
கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது.
இலையில் தண்ணீர் தெளிக்கிறேன்.