பன்னிரண்டரைக் கிலோ

எங்கள் காஸ் கடையில் பழைய கொப்பி ஒன்று கிடக்கிறது.
தொண்ணூற்றேழாம் ஆண்டு, முதலாளியின் கையெழுத்து.
ஹம்டன் லேன், இருபத்தொன்று பை நான்கு:
மார்ச் மூன்று, மார்ச் பத்தொன்பது, ஏப்ரல் நான்கு.
பதினாறு நாளில் பெரிய சிலிண்டர் காலி.
எத்தனை பேர் என்று கொப்பியில் இல்லை.
பொலிஸ் பதிவில் பதினொரு பெயர் இருந்ததாம்,
பாதிப்பேர் விசாவுக்குக் காத்திருந்தவர்கள்.
அப்போது எண்ணிக்கை என்றால் பயம்.

இப்போது அதே கதவுக்கு ஐந்து கிலோ கொண்டுபோகிறேன்.
அதுவே நாலு மாதம் நிற்கிறது.
"ரெகுலேட்டர் இறுகிப்போச்சு தம்பி, கழட்டித் தாரும்"
என்பார் மிஸிஸ் குலவீரசிங்கம்.
மேலே ஐந்தாம் மாடியில் ஒருவன், ஒரு நாய்;
அடுப்பே வாங்கவில்லை.
லேனில் கதவுகள் மூன்று மடங்கு,
என் தோளுக்கு வேலை பாதி.

குடிசன மதிப்பீட்டுக்கு வந்த பெண்
தெமட்டகொடையில் எங்கள் அறையையும் தட்டினாள்.
"ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டால் ஒரு குடித்தனம்" என்றாள்.
ஆறு பேர், ஒரு சிலிண்டர்.
தலைவர் யார்?
ஒருவரையொருவர் பார்த்தோம்.
கடைசியாகக் காஸுக்குக் காசு போட்டவன் ஜவாஹிர்.
மற்றவர்கள் அவருக்கு என்ன முறை?
கஜரூபன் "பெண்சாதி" என்றான், அவளும் சிரித்துவிட்டாள்.
பிறகு திரையில் 'உறவில்லாதவர்' என்பதை
ஐந்து தரம் அழுத்தினாள்.
அன்றிரவு உறவில்லாதவர்கள்
கருவாட்டைக் கழுவாமல் பொரித்தது யாரென்று
பன்னிரண்டு மணிவரை சண்டை பிடித்தோம்.

நேற்று போன் வந்தது.
"பெரிசு ஒண்டு கொண்டாரும்."
பிள்ளைகள் கனடாவிலிருந்து வருகினமோ என்றேன்.
"அவையள் எங்கே. இரண்டு அறையை வாடகைக்கு விட்டிட்டன்,
நேர்சிங் படிக்கிற பிள்ளைகள், மூன்று பேர்."
சமையல் சேர்த்தா, தனித்தனியா?
கொஞ்சம் யோசித்தார்.
"புட்டு மட்டும் சேர்த்து."

இரும்போடு இருபத்தாறு கிலோ இருக்கும்.
லிஃப்ட் பழுது.
ஒவ்வொரு மாடியிலும் இறக்கி வைத்து, மூச்சு வாங்கி,
மூடிய கதவுகளைப் பார்த்துப் பார்த்து ஏறினேன்.
நாலாவதில் கதவு திறந்தே கிடந்தது,
வாசலில் நாலு சோடிச் செருப்பு,
ஒன்று கவிழ்ந்தபடி.

கடைக்கு வந்து தேதி போட்டேன்.
அடுத்தது எப்போதென்று
பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.