அறுபது மீற்றர்

கரடிப்போக்கில், சைக்கிள் கடைக்கு மேல்மாடி.
சந்திரமௌலி அண்ணையின் கணினி நிலையத்தில் ஏழு மெசின்.
ஆறில் தட்டச்சு படிப்பித்தோம்.
ஏழாவதில், ‘வரவுசெலவு’ என்று பெயரிட்ட கோப்புறைக்குள்
வட அத்திலாந்திக் கிடந்தது.

ஜெனறேற்றர் ஒன்பதுக்கு நிற்கும்.
பிறகு ட்ரக்ரர் பற்றறி இரண்டு, ஒரு இன்வேட்டர்,
நான், றெஜினோல்ட்.
நீர்மூழ்கியும் பற்றறியில், நாங்களும் பற்றறியில்.
திரையில் முப்பது வீதம் என்று முள் காட்டும்.
மேசைக்கடியில் எத்தனை வீதம் என்று
கடவுளுக்குத்தான் தெரியும்.

கையேடு போட்டோக்கொப்பி.
பதினொன்றிலிருந்து பதினாறுவரை இல்லை;
டோப்பிடோவுக்குக் குறிபார்க்கிற பக்கங்கள் அவைதான்.
சாதாரணதரப் பாகைமானியை வைத்து
சி.ஆர். கொப்பியில் கோணம் கீறினோம்.
மூன்று மாதம் ஒரு கப்பலிலும் படவில்லை.
பட்ட அன்று கத்தவும் முடியாது,
கீழே அண்ணை நித்திரை.

றெஜி முல்லைத்தீவான். மீற்றர் பிடிக்காது.
“பாகத்திலை சொல்லடா” என்பான்.
“இவ்வளவு பெரிய கடல், ஒரு சூடை இல்லை.
இதைச் செய்தவன் கடலுக்குப் போகாதவன்.”
ஹெட்போனில் இடது காதுதான் வேலை செய்யும்.
அதை அவனுக்கே விட்டேன்.
கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான்:
வடமேற்கு. இரண்டு சுழலி. பாரம் ஏத்தினது.
சரியாக இருக்கும்.

ஒரு விசை இருந்தது.
அழுத்தினால் காலம் ஆயிரம் மடங்கு ஓடும்;
பகல், இரா, பகல், இரா, வெறும் தண்ணீர்.
தூரத்தில் ஒரு புகை தெரிந்தால்
தானாகவே ஒன்றுக்கு வந்து நிற்கும்.
அந்த நிற்றல்! நெஞ்சு ஒருதரம் இடறும்.

அந்த மார்கழிக்குப் பிறகு
மூன்று மாதம் அவன் வரவில்லை.
வந்தான். தலை வழித்திருந்தது.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
“திற” என்றான்.
மேலே மூன்று நாசகாரிகள் எங்களைத் தேடின.
அறுபது மீற்றருக்கு இறக்கி எஞ்சினை நிறுத்தினான்.
டிங். டிங்.
“சுடுவமா?”
“வேண்டாம். இஞ்சை அலை இல்லை.”
பற்றறி பதினாலு வீதத்தில் சேமித்தோம்.
கோப்பின் பெயர் றெஜி3.
அதற்குப் பிறகு அதை நாங்கள் திறக்கவேயில்லை.

கிளிநொச்சி எழும்பினபோது
சம்பளப் பாக்கிக்கு அண்ணை தந்தது ஏழாவது மெசின்.
விசுவமடுவில், முருங்கைக்கும் கிணற்றுக்கும் நடுவில்,
உரப்பை நாலு சுற்றி, மேலே தறப்பாள் சுற்றி,
மூன்றடியில் தாட்டேன்.
மண் தள்ளும்போது நினைத்தேன்:
மூன்றடிக்குக் கீழே அறுபது மீற்றர்.
பிறகு நாங்களும் குழிகளுக்குள் இருந்தோம்,
வாயைப் பொத்தி, மேலே போகிற சத்தத்தை எண்ணி.
காலத்தை ஓட்டுகிற விசையை
விரல் தேடியது உண்மை.
அதைப்பற்றி இவ்வளவுதான்.

திரும்பிவந்தபோது முருங்கை நின்றது.
குழி திறந்திருந்தது.
பழைய இரும்புக்காரர் முந்திவிட்டார்கள்.
கிலோ என்ன விலைக்குப் போயிருக்கும்
பதினாலு வீதம் பற்றறியும், கண்மூடிய மாலுமியும்?

போன கிழமை அதே விளையாட்டைப் புதிதாக இறக்கினேன்.
தண்ணீர் அப்படியே தண்ணீர்போல இருக்கிறது.
குறியைத் தானே பார்க்கிறது, கோணத்தைத் தானே போடுகிறது.
முதல் இரவிலேயே நாலு கப்பல் தாட்டேன்.
கொட்டாவி வந்தது.

விடியப்புறம் வாட்சப்பில் ஒரு படம்.
படகின் அணியத்தில் பூட்டின மீன்காட்டும் கருவி,
நீலத் திரை, அதில் செம்மஞ்சளாய்த் திரண்ட ஒரு கூட்டம்.
கீழே றெஜியின் குரல், எஞ்சின் இரைச்சலுக்குள்:
“கப்டன், முப்பத்திரண்டு பாகம்.
இதிலை மீன் இருக்கடா.”

முப்பத்திரண்டு பாகம்.
கல்குலேற்றரை எடுத்தேன்.
ஐம்பத்தெட்டு மீற்றர் சொச்சம்.

“இன்னும் கொஞ்சம் இறக்கு” என்று எழுதினேன்.