மூக்குள்ள குப்பிகள்

கிரிம்ஸ்பியில் மழை விட்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை
லாரி ஓட்டும் ஹாக்ஸ்பி
கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தார்.
கல்லாமேல் ஒரு குப்பியைக் குத்துவதுபோல் வைத்தார்.
"இதையா எனக்கு வித்த?"

டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.
எலுமிச்சைத் திரவம்.
ஜூனில் கொடுத்தபோது தண்ணீர் நிறம்.
இப்போது
மறந்து மறந்து மூன்று முறை சுடவைத்த தேநீர்.

எங்கே வைத்திருந்தீர்கள்?
"எங்கேன்னா? வண்டியில."
வண்டியில் எங்கே?
"முன்கண்ணாடிக்குக் கீழ. கைக்கு எட்டுற மாதிரி."

கைக்கு எட்டியது வெயிலுக்கும் எட்டிவிட்டது,
வாய்க்குத்தான் எட்டவில்லை.
டோவருக்குப் போகவும் வரவுமாய்
ஜூலை முழுக்க வெந்திருக்கிறது.
மூடி பாதித் திருகலில் நிற்கிறது.
உள்ளே அரைக் குப்பி காற்று.

எலுமிச்சைதான் முதலில் ஓடும், கோழை, என்றேன்.
புதினா கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.
நிகோடினுக்கு வெளிச்சம் ஆகாது, சூடு ஆகாது,
நாம் மூச்சுவிடும் இந்தக் காற்றும் ஆகாது.

இதையெல்லாம் நான் ஒப்பிப்பேன்,
விலைப்பட்டியலை ஒப்பிப்பதுபோல்.
வேறு வழியில்லை.
பதினாறு மாதமாய் என் மூக்கு
முகத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது.
ஒரு காய்ச்சல் வந்தது,
போகும்போது கையோடு எடுத்துப் போய்விட்டது.
ஆவி விற்கிறவள்
ஆவி பிடித்துப் பார்த்தும் திரும்பவில்லை.

கடை முதலாளிக்குத் தெரியாது.
துறையில் மீன் இறங்கும் நாளில்
தெருவே முகம் சுளிக்கும்.
அதைப் பார்த்து நானும் சுளித்துக்கொள்வேன்.

அதனால்தான் தேதி எழுதுகிறேன்.
ஒவ்வொரு குப்பியின் வயிற்றிலும்
கலந்த நாள், திறந்த நாள், குலுக்கிய நாள்.
எனக்குத் தெரிகிற வாசனை
நீல மையில்தான் இருக்கிறது.

ஏனென்று தெரியவில்லை,
முதலாளியிடம் சொல்லாததை ஹாக்ஸ்பியிடம் சொன்னேன்.
அவர் பேசவில்லை.
குப்பியின் மூக்கைத் தன் மூக்கருகே கொண்டுபோனார்.
"ஈரத்துணிய உள்ள வெச்சுப் பூட்டுன அலமாரி.
அப்புறம் பென்சில் சீவல்.
எலுமிச்சை எங்கயும் இல்ல, பெதனி."
எழுதிக்கொண்டேன்.

பிறகு குனிந்து அடி அலமாரியைத் திறந்தேன்.
பிள்ளைகள் கை படாதிருக்கப் பூட்டு,
வெளிச்சம் படாதிருக்கக் கறுப்புத் துணி.
பின்னால், சுவரோரம்,
கழுத்துவரை நிறைத்த பழுப்புக் கண்ணாடிக் குப்பி.
ருபார்ப், கஸ்டர்ட்.
கலந்த நாள் போன வருடம் மார்ச் இருபத்தெட்டு,
காய்ச்சலுக்கு நான்கு நாள் முன்பு.
அதன்பின் திறக்கவில்லை.

ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டேன்.
இதுவும் கறுத்துத்தான் இருக்கிறது.
ஆனால் வெனிலா இருட்டில் கறுப்பது ஊறுவது,
வெயிலில் கறுத்தது ஊசுவது.
அப்படித்தான் படித்திருக்கிறேன்.
பார்த்துச் சொல்ல எனக்கு யார்?

ஹாக்ஸ்பி தொப்பியைக் கழற்றினார்.
கண்ணை மூடினார்.

என்ன?
"இரு."
கெட்டுப்போயிற்றா?
"இரும்மா. பேசாத."

அவர் நெற்றியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்,
முடிவு ஒட்டும் பலகையைப் பார்ப்பதுபோல்.

"புதன்கிழமை," என்றார்.
"பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறை.
கிண்ணத்து ஓரத்துல மஞ்சளா ஆடை காஞ்சு கெடக்கும்,
கரண்டியால சுரண்டுவேன்.
பக்கத்துப் பையனோடதையும்."
நாக்கு ஒருமுறை உதட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனது.

மூடியைத் திருகினேன்,
இறுகிய பின்னும் ஒரு கால் சுற்று.
தேதிக்குக் கீழே எழுதினேன்: புதன்.

"அது என்ன விலை?"
விற்பதற்கில்லை.
புது எலுமிச்சை ஒன்றைப் பாதி விலைக்குக் கொடுத்தேன்.
இருக்கைக்கு அடியில் வையுங்கள்,
காலுறைக்குள் சுருட்டி.
"அப்ப கஸ்டர்ட் வாசம்லாம் வராது," என்று சிரித்தபடி போனார்.

கதவு மூடுமுன் தெரு கொஞ்சம் உள்ளே வந்தது.
எதிரே தள்ளுவண்டியோடு நடந்தவள்
முகத்தைச் சுளித்தாள்.

மீன், என்று நினைத்துக்கொண்டேன்.