முட்டுக்கட்டை

லியேபாயாவில் ஏப்ரல்.
கடற்காற்று ஜன்னலை ஆட்டி ஆட்டிப் பார்க்கிறது.
வீடு வாங்குபவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:
விரிசல் விட்ட உட்கூரையை மாற்றிக் கொடுங்கள்.
ஆள் வைக்க என்னிடம் பணமில்லை,
என் முன்னாள் கணவன் நோர்முண்ட்ஸிடமும் இல்லை.
ஆகவே ஆளுக்கொரு முக்காலியில்
ஒரே ஜிப்சம் பலகையின் கீழே நிற்கிறோம்.

எடை இருபத்தெட்டு கிலோ
என்று விளிம்பில் அச்சடித்திருக்கிறது.
தலைக்கு மேல் தூக்கினால் எவ்வளவு என்று இல்லை.

கட்டிலின் நெடுஞ்சட்டங்களைப் பிணைத்து,
தலை வெட்டிய சிலுவைபோல
ஒரு முட்டுக்கட்டை செய்திருந்தான்.
எங்கள் கட்டில்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்தாவது திருகாணியில்
டிரில் இருமி நின்றது.
அதே நொடியில் முட்டுக்கட்டை
தரையில் வழுக்கிச் சாய்ந்தது.
இன்னொரு பேட்டரி சமையலறையில், சார்ஜில்.

உச்சந்தலையாலும் உள்ளங்கையாலும் தாங்கினோம்.
வெள்ளைப் பொடி அவன் புருவத்தில், என் பல்லில்.
'யார் போவது?' என்றான்.
கேட்ட பிறகுதான் இருவருக்கும் உறைத்தது,
இந்த வீட்டில் இது இரண்டாம் தடவை.
அன்று நான்தான் போனேன்.

'நீயே போ. தாங்குவேன்.'

சார்ஜரில் சிவப்பு விளக்கு.
பச்சையாகும்வரை நிற்க முடியாது.
இழுப்பறையைத் துழாவினேன்:
கரண்டி, சணல் கயிறு, மின்கட்டண ரசீது,
கைப்பிடி உடைந்த ஸ்க்ரூடிரைவர். போதும்.
அங்கிருந்தே கேட்டது
அவன் உரக்க எண்ணுவது,
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.

வந்தவள் வாசலில் நின்றுவிட்டேன்.
கழுத்து நரம்பு புடைக்க, முழங்கை நடுங்க,
கண்ணை இறுக மூடிக்கொண்டு
கூரை மொத்தத்துக்கும் ஒற்றை ஆளாய்.
அன்று கதவைச் சாத்திய பின்
நான் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் இப்படித்தான் நின்றிருப்பானோ.
எதுவரை எண்ணினான் என்றும் கேட்டதில்லை.

'என்ன வேடிக்கை, ஸர்மீதே? ஏறு!'

ஏறினேன். மணிக்கட்டு எரியத் திருகினேன்.
ஆறு. ஏழு. எட்டு கோணலாய்ப் போயிற்று, மறுபடி எட்டு.
பலகை சட்டத்தோடு ஒட்டிக்கொண்ட பிறகும்
சற்று நேரம்
எங்கள் கைகள் கீழே இறங்கவில்லை.

மூட்டு ஒரு விரல் விலகித்தான் இருக்கிறது.
பட்டி வைத்தால் தெரியாது என்றான்.
வாங்குபவருக்குத் தெரியாது என்றேன்.

இன்னும் ஏழு பலகை.
முட்டுக்கட்டையின் கால் வழுக்காதிருக்க
ரப்பர் வேண்டுமாம்.
இங்கே விட்டுப்போன தன் பழைய செருப்பைத் தேடியெடுத்து
அறுத்துக்கொண்டிருக்கிறான்.